குளிர்காலப் பறவைகளைச் சிறுவர்களும் பார்க்க மறைப்புத் தட்டி அமைத்துத் தர வேண்டி மனு

அனுப்புநர்: ஐந்து வயதுச் சிறுமியின் தந்தை

பெறுநர்: செயற்பொறியாளர் அவர்கள், நீர்த்தேக்கப் பராமரிப்புப் பிரிவு

பொருள்: நீர்த்தேக்கத்தின் ஆழமற்ற பகுதியில் பறவை பார்க்க மறைப்புத் தட்டி அமைத்தல், குளிர்கால மாதங்களில் வாயிலை முன்னதாகத் திறத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீர்த்தேக்கக் கரையின் கைப்பிடிச் சுவர் நான்கு அடி. என் மகள் மூன்றரை அடி. இந்த அரை அடிதான் இம்மனுவுக்குக் காரணம்.

வடக்கே நீர்நிலைகள் உறையும் மாதங்களில் ஊசிவால் வாத்துகளும் தட்டைவாயன்களும் இங்கே வந்துவிடுகின்றன. அவற்றைக் காட்ட மகளைத் தோளில் தூக்கிக்கொள்கிறேன். கரைமேல் வானத்தை ஒட்டி ஆள் உருவம் உயர்ந்து தெரிந்தால் வாத்துகளுக்கு அது போதும், கூட்டமாக எழுந்துவிடுகின்றன. நாமக்கோழிகள் நீர்மேல் தடதடவென ஓடி அக்கரை சேர்கின்றன. திரும்பும் நெடும்பயணத்துக்காக வாத்துகள் உடலில் சேர்த்து வைக்கும் கொழுப்பை நாங்களே வீணடிக்கிறோம். பார்க்க வந்தவர்களே விரட்டுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சென்ற வாரம் சுவரின் வடிகால் துளை வழியாக அவளே ஒரு முக்குளிப்பானைக் கண்டுபிடித்துவிட்டாள். வயிறு தரையில் பட, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அது மூழ்கியதும் எண்ணத் தொடங்கினாள். பதினேழில் வேறோர் இடத்தில் தலை தூக்கியது. அரை மணி நேரம் ஆகியும் எழ மறுத்துவிட்டாள். சட்டையெல்லாம் பாசி. அந்தத் துளைக்கு அப்பால் இருந்த ஒரு பறவைகூட அசையவில்லை.

சுவரைக் குறைக்கச் சொல்லவில்லை. அது பாதுகாப்புக்காக இருப்பது. மண்கரையில் குழி தோண்டக் கூடாது என்பதும் தெரியும். ஆழமற்ற பகுதியை ஒட்டி, பயன்பாட்டில் இல்லாத சிமெண்டு மேடை ஒன்று இருக்கிறது. அதன் நீர்ப்புறம் முழுவதும் ஆளுயரத்துக்கு ஒரு மூங்கில் தட்டி, அதில் பெரியவர் கண் மட்டத்தில் ஒரு வரிசையும் மூன்றடி உயரத்தில் ஒரு வரிசையுமாகத் துளைகள், இவ்வளவு போதும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் கீழ்வரிசை உதவும். மேடைக்குப் போகும் வழி பெரும்பாலும் சமதளமே.

வாயில் இப்போது எட்டரை மணிக்குத் திறக்கிறது. அதற்குள் வெயில் நீரில் பட்டுக் கண் கூசுகிறது; பல வாத்துகள் அலகை முதுகுச் சிறகில் செருகித் தூங்கிவிடுகின்றன. குளிர்கால மாதங்களில் மட்டும் விடிந்ததும் திறக்க ஆணையிட வேண்டுகிறேன். மகளைப் படுக்கையிலிருந்து எழுப்புவது என் பாடு.

பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967 முதல் ஒவ்வோர் ஆண்டும் சனவரியையொட்டி நடந்துவருகிறது. அதைச் சொன்னபோது, "நான் எண்ணியதையும் சேர்த்துக்கொள்வார்களா?" என்று கேட்டாள். அடுத்த சனவரிக்குள் தட்டி எழுந்தால், அவளை அங்கே நிறுத்தி எண்ணச் சொல்வேன்.

அரசுக் கரையில் அனுமதியின்றி ஒரு குச்சியும் நட முடியாது. ஆகவே தாங்கள் ஒருமுறை இடத்தைப் பார்வையிட்டு ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மேடையின் அளவுகளைக் குறித்த கைவரைபடம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. ஓரத்தில் இருக்கும் வாத்து என் மகள் வரைந்தது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: கைவரைபடம் – 1