கண்ணகியின் மகள்

அன்புள்ள கயலுக்கு,

"சிலம்பு காவியம், மணிமேகலை பிரசாரம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதி அனுப்பிவிட்டாய். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா நடுவில் புகுந்து உன் கட்சியில் சேர்ந்துகொள்வார். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாதித் தீர்ப்பு சரிதான். கவிதை என்று பார்த்தால் சிலப்பதிகாரம் எழுதிய இளங்கோவுக்குப் பக்கத்தில் மணிமேகலை எழுதிய சாத்தனார் நிற்க முடியாது. சிலம்பின் பாட்டுப் பகுதிகளான கானல்வரி மாதிரி ஒன்றையோ ஆய்ச்சியர் குரவை மாதிரி ஒன்றையோ மணிமேகலையில் தேடாதே, கிடைக்காது. 27ஆம் காதையில், அதாவது அத்தியாயத்தில், ஒவ்வொரு சமயவாதியாக வந்து தன் கொள்கையை ஒப்பித்துவிட்டுப் போவதும், 29இல் தருக்கம் நீள நீள ஓடுவதும் எனக்கும் அலுப்புத்தான். உ.வே.சா.வே ஏட்டில் படித்த காலத்தில் இது எந்தச் சமயத்து நூல் என்று பிடிபடாமல் திண்டாடியிருக்கிறார். கும்பகோணம் கல்லூரியில் உடன் வேலை பார்த்த ரங்காசாரியார்தான் இது பௌத்தம் என்று எடுத்துச் சொன்னார். சிலம்பை 1892இல் அச்சிட்டவர், மணிமேகலையை 1898இல்தான் கொண்டுவர முடிந்தது.

ஆனால் இரண்டையும் தனித்தனியாக வைத்து மார்க் போடாதே. சிலம்பை முடித்த கையோடு மணிமேகலையைப் படித்தால், அது சிலம்புக்கு எழுதப்பட்ட பதில் என்று தெரியும். சில இடங்களில் மரியாதையான பதில், ஓர் இடத்தில் நேருக்கு நேர் மறுப்பு.

சிலம்பின் கொலைக்களக் காதையை மறுபடி எடு. மதுரையில் அடைக்கலம் தந்த ஆயர் குலத்து மாதரி வீட்டில் கண்ணகி சமைக்கிறாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால் எல்லாம் ஆயர் வீட்டுப் பெண்கள் கொண்டுவந்து கொடுத்தது. காய் நறுக்கும்போது அவள் விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண்ணும் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை வைக்கோலில் தீ மூட்டித் தருகிறாள். வைக்கோல் தீ நின்று எரியாது. கூடவே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், புகையும் அப்படி வரும். கண் சிவந்ததற்கு உரைகாரர்கள் எந்தக் காரணம் சொன்னாலும், நான் அந்தப் புகையைத்தான் சொல்வேன். அப்புறம் தரையில் நீர் தெளித்து, குருத்து வாழையிலை விரித்து, கோவலனுக்குப் பரிமாறுகிறாள். அவன் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான். திரும்பி வரவில்லை.

அந்தச் சாப்பாட்டுக்கும் அவன் புறப்படுவதற்கும் இடையில் கண்ணகி ஒன்று சொல்கிறாள். நீ கவனித்தாயா? அவன் பிரிந்திருந்த நாளில் தான் இழந்தவற்றை வரிசையாகச் சொல்கிறாள்: அறவோர்க்கு அளித்தல், அந்தணர் ஓம்பல், துறவோர்க்கு எதிர்தல், கடைசியாக "விருந்து எதிர்கோடலும் இழந்த என்னை". மாதவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு பேருக்குச் சோறு போட முடியாமல் போனதுதான் அவள் வாய்விட்டுச் சொல்லும் குறை. அவளுக்குக் கடைசியில் வாய்த்தது ஒரே ஓர் இலை.

இந்த வரி சாத்தனாரின் மனதில் தைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவர் கூல வாணிகர், தானிய வியாபாரி. பசி என்ன விலை என்று தெரிந்தவர். சிலம்பில் காப்பியத்தை நகர்த்தும் பொருள் ஒரு சிலம்பு. அவர் நூலில் அந்த இடத்துக்கு ஒரு பிச்சைப் பாத்திரம் வருகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை மணிமேகலை கையில் கொடுத்து, ஆதிரை வீட்டு வாசலில் முதல் பிச்சையை வாங்க வைத்து, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசியோடு அலைந்த காயசண்டிகையின் வயிற்றை அதிலிருந்து ஆற்றுகிறார். கண்ணகி இழந்தது மணிமேகலை கைக்கு வந்து சேர்கிறது.

ஏன் அவள் கைக்கு? அவள் மாதவி பெற்ற பெண்தானே என்று கேட்பாய். மணிமேகலை நூலின் இரண்டாம் காதையில், தாயும் மகளும் இந்திர விழாவுக்கு ஆட வரவில்லை என்று ஊர் பேசுவதை மாதவியின் தோழி வயந்தமாலை வந்து சொல்கிறாள். அதற்கு மாதவி சொல்லும் பதிலில், மதுரையை எரித்த "மாபெரும் பத்தினி மகள் மணிமேகலை" என்கிறாள். தான் சுமந்து பெற்ற பிள்ளையைக் கண்ணகியின் மகள் என்று சொல்லிவிடுகிறாள். அவளை அருந்தவத்தில்தான் விடுவேன், கணிகையர் தொழிலுக்கு விடமாட்டேன் என்கிறாள். ஒரு தாய் வாயால் சொல்லக்கூடிய வார்த்தையா அது? எத்தனையோ தடவை படித்தும் அந்த வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

இனி இரண்டு பெண்களும் அரசன் முன்னால் நிற்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. கண்ணகி எடுத்த எடுப்பில் "தேரா மன்னா" என்கிறாள். ஆராயத் தெரியாத அரசன் என்று முகத்துக்கு நேரே. பாண்டியன் உயிர் போகிறது, கோப்பெருந்தேவி உயிர் போகிறது, நகரம் எரிகிறது. மணிமேகலை சோழன் முன் நிற்கும்போது காயசண்டிகை உருவத்தில் இருக்கிறாள். தன்னை விஞ்சை மகள், அதாவது வித்தியாதரப் பெண், என்று சொல்லிக்கொள்கிறாள் (அது பொய்தான், சாத்தனார் கண்டுகொள்ளவில்லை). "வாழிய பெருந்தகை" என்று தொடங்கி, மழை பெய்க, மண் வளம் பெருகுக என்று வாழ்த்துகிறாள். என்ன வேண்டும் என்று கேட்டதும், சிறைச்சாலையை இடித்து அறவோர் இருக்கும் இடமாக்கு என்கிறாள். அரசன் செய்கிறான். காட்சியாக எது நிற்கிறது என்றால் கண்ணகி வாதாடும் வழக்குரை காதைதான், சந்தேகமே இல்லை. ஆனால் மறுநாள் அந்த ஊரில் குடியிருக்க வேண்டும் என்றால் நான் சோழனின் புகாரில்தான் இருப்பேன்.

நேர் மறுப்பு மணிமேகலையின் 26ஆம் காதையில் வருகிறது. அவள் சேரர் தலைநகரான வஞ்சிக்குப் போய்க் கண்ணகி கோயிலில் நிற்கிறாள். சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, எழுப்பிய கோயில். அங்கே தெய்வமான கண்ணகியே பேசுகிறாள். கோவலன் கொலையுண்டது முன்வினை என்று மதுரையின் காவல் தெய்வம் மதுராபதி உண்மையைச் சொன்ன பின்னும் "சீற்றம் கொண்டு செழுநகர் சிதைத்தேன்" என்கிறாள். நல்வினையால் விண்ணுலகம் போனோம், ஆனால் அது தீர்ந்ததும் "அடுசினப் பாவம் எவ்வகையானும் எய்துதல் ஒழியாது" என்கிறாள்.

இப்போது சிலம்பைத் திருப்பிப் பார். மதுராபதி வந்து முற்பிறப்புக் கதையைச் சொல்லும்போது மதுரை ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. தெய்வம் சொன்ன பிறகு அவள் எரிக்கவில்லை. சாத்தனார் முன்பின்னாக மாற்றிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், சிலப்பதிகாரத்தின் முன்னுரையான பதிகத்தின்படி அந்த நள்ளிரவில் மதுரை வெள்ளியம்பலத்தில் படுத்திருந்து தெய்வம் சொன்னதைக் காதால் கேட்டவரே சாத்தனார்தான். பதிகம் பின்னால் சேர்த்தது என்பவர்கள் உண்டு, இருக்கட்டும்.

உன் அப்பா இந்த இடத்தில் கொதித்துப்போவார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் மதத்துக்காகக் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் எழுதி வாங்கிவிட்டார்கள் என்பார். எனக்கும் அதில் பாதி உடன்பாடு. இளங்கோ அவளுக்குக் கொடுத்த முடிவு இதைவிடப் பெரியது. வாழ்த்துக் காதையில் அவள் "தென்னவன் தீதிலன்" என்று சொல்லி, "நான் அவன்தன் மகள்" என்கிறாள். கணவனைக் கொன்ற அரசனுக்கே மகளாகிவிடுகிறாள். மாதவி தன் பெண்ணைக் கண்ணகிக்குக் கொடுத்ததையும் இதையும் சேர்த்துப் பார். இரண்டு காப்பியத்திலும் கடைசியில் யாரும் பெற்றவர்களுக்கு மட்டும் பிள்ளையாக இல்லை.

ஆனால் சாத்தனாரை முழுக்க ஒதுக்கவும் மனம் வரவில்லை. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகளை விட்டுவிடு என்று நெருப்புக்குக் கண்ணகி கட்டளை போட்டாள். சரி. அதற்குப் பிறகு பட்டத்துக்கு வந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று அவளுக்குப் பலி கொடுத்தானே? சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் ஒருத்தன். சிலம்பு அதை ஒரு செய்தியாகச் சொல்லிவிட்டு, பிறகு மழை பெய்தது, நாடு செழித்தது என்று போய்விடுகிறது. கோபத்துக்கும் கணக்கு உண்டு என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. சாத்தனார் சொன்னார், தவறான ஆளின் வாயில் வைத்துச் சொன்னார் என்பதுதான் என் வருத்தம்.

மணிமேகலையை மறுபடி எடுத்தால் முதலிலிருந்து போகாதே. 2ஆம் காதை, பிறகு பாத்திரம் பெறும் 11, ஆதிரை வரும் 16, அடுத்து 17, 19, கடைசியாக 26. நடுவில் அவளைத் துரத்தும் இளவரசன் உதயகுமாரன் கதையை வேகமாகத் தாண்டலாம். 27ஐத் தொடவே வேண்டாம். 26 முடித்ததும் அப்பாவுக்குப் போன் போடு, எனக்கு அல்ல. அவர் பதில் தயாராக வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா