முதல் தப்பு எந்த வரியில்?

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
14 மார்ச் 2026

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டுவிடலாம் என்று மூன்று முறை உட்கார்ந்தேன். நீ கேட்டிருக்கும் கேள்வி அதில் அடங்குகிற மாதிரி இல்லை.

அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. அதற்குள் மாடிப்படி ஏறுகிறார் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் அடக்கி வை. இங்கே பெரியவள் பாலி (பாலிடெக்னிக்) முடித்துவிட்டு வேலை தேடுகிறாள். மலேசியாவின் ஜொகூருக்குப் போகும் ஆர்டிஎஸ் ரயில் ஆண்டு முடிவுக்குள் ஓடத் தொடங்கும் என்கிறார்கள். ஓடினால் உன்னைப் பார்க்க வராமல் இருப்பதற்கு எனக்கு ஒரு சாக்கு குறையும்.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். படிவம் நான்கு தொடங்கி இரண்டு மாதத்திலேயே கூடுதல் கணிதத்தில் 18 மதிப்பெண். நீ தினமும் ராத்திரி உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாய், அவள் அழுதுகொண்டே எழுந்து போகிறாள். உன் மனைவி உன்னோடு பேசுவதில்லை. 'உன் வீட்டிலும் இதே கதைதானே, எப்படிச் சமாளித்தாய்?' என்று கேட்கிறாய். சமாளித்தேன் என்று சொல்லமாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

சின்னவன் போன வருஷம் உயர்நிலை மூன்றுக்குப் போனதும் ஏ மேத்ஸ் எடுத்தான், உங்கள் கூடுதல் கணிதம்தான். அதுவரை கணக்கில் 70க்குக் குறைந்ததில்லை. முதல் தேர்வில் 30க்கு 7. தாளை ஒரு வாரம் பையிலேயே ஒளித்து வைத்திருந்தான். நான் வழக்கம்போல கத்தினேன். 'நாங்கள் படித்த காலத்தில்' என்று லிஃப்டில் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் (அத்தை) முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன். அந்த அம்மா பாவம், மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவன் முகம் போன போக்கு இன்னும் மறக்கவில்லை. நாங்கள் படித்த காலத்தில் நான் உன் தாளைப் பார்த்து எழுதியவன் என்பது அவனுக்குத் தெரியாது. நீயும் சொல்லித் தொலைக்காதே.

அப்புறம் எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். மாதம் 320 வெள்ளிக்கு (டாலர்) ஒரு டியூஷன் நிலையம். பெயர் எதற்கு? பள்ளியில் நடத்துவதற்கு ஒரு மாதம் முன்பே அங்கே நடத்திவிடுவார்கள். அழகான வண்ணத் தாள்கள், ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் மாதிரி விடை. பையன் அதை மனப்பாடம் செய்தான். மே மாதத் தேர்வில் 30க்கு 8. கூடக் கிடைத்த அந்த ஒரு மதிப்பெண் என்ன விலைக்கு வந்தது என்று என் மனைவி கணக்குப் போட்டுச் சொன்னாள். அவளுக்கு ஏ மேத்ஸ் தேவைப்படவில்லை. பெரியவள் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) ஸ்டெப் துணைப்பாட வகுப்புக்குச் சனிக்கிழமை தோறும் போய்ப் படித்து வந்தவள். 'அப்போதே அங்கே அனுப்பச் சொன்னேனே' என்று மனைவி அதையும் சேர்த்துச் சொல்லிக்காட்டினாள்.

ஜூன் விடுமுறையில் ஒரு நாள் எனக்கு இரவு வேலை, லிஃப்ட் பழுது பார்ப்பதுதானே என் பிழைப்பு. ஒரு புளோக்கில் லிஃப்ட் பன்னிரண்டாம் மாடியில் நின்றுவிட்டது. என்னோடு வந்த புதுப் பையன் நேரே பன்னிரண்டுக்கு ஏறி அந்தக் கதவைக் கழற்றப் பார்த்தான். நான் விடவில்லை. எல்லா மாடிக் கதவுப் பூட்டுகளும் ஒரே மின்சுற்றில் வரிசையாக இருக்கும். எதில் தொடர்பு விட்டுப்போனாலும் லிஃப்ட் அப்போது எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். தேடிப் பார்த்தால் மூன்றாம் மாடிப் பூட்டு. யாரோ சோபா ஏற்றும்போது கதவை இடித்திருக்கிறார்கள். விடியற்காலையில் காப்பிக்கடையில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடிக்கும்போதுதான் பொறி தட்டியது: நானும் இத்தனை நாளாகப் பன்னிரண்டாம் மாடிக் கதவைத்தானே கழற்றிக்கொண்டிருக்கிறேன்!

வீட்டுக்கு வந்து, அவன் தேர்வுத் தாள், வீட்டுப்பாடம், டியூஷன் தாள் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பினேன். எனக்குக் கணக்குப் புரியாது. அதனால் அவனிடமே கேட்டேன். 'விடை தப்பு என்பது இருக்கட்டும். முதல் தப்பு எந்த வரியில் வந்தது? அதில் மட்டும் ஒரு கோடு போடு.' முனகிக்கொண்டே போட்டான். மொத்தம் 31 கோடு. லாக், டிஃபரென்ஷியேஷன் என்று ஏ மேத்ஸ் தெரியாமல் விழுந்தவை 12தான். மீதி 19ம் உயர்நிலை இரண்டு அல்ஜீப்ரா. அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் கழித்தல் குறி உள்ளே ஒன்றுக்கு மட்டும் போகும், மற்றதை விட்டுவிடும். பின்னத்தில் மேலே கூட்டலில் இருக்கும் எண்ணைக் கீழே இருப்பதோடு அடித்துவிடுவான். இரண்டைக் கூட்டி வர்க்கம் எடுக்கச் சொன்னால் தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டுவான்.

அங்கே என் படிப்பே போதுமானதாக இருந்தது. 'எக்ஸையும் ஒய்யையும் விடு, 3, 4 என்று போட்டுப் பார்' என்றேன். கூட்டினால் 7, அதன் வர்க்கம் 49. தனித்தனியாக எடுத்தால் 9ம் 16ம் சேர்ந்து 25. 'இதே தப்பைத்தான் லாகிலும் போட்டேனாப்பா?' என்று அவனாகவே கேட்டான். எனக்கு என்ன தெரியும்! கால்குலேட்டரை எடுத்து லாக் 2, லாக் 3 இரண்டையும் கூட்டிப் பார்த்தான். லாக் 5 வரவில்லை, லாக் 6 வந்தது. சிரித்துவிட்டான். நாலு மாதமாக அவன் கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் சிரித்து நான் பார்த்ததில்லை.

டியூஷனை நிறுத்தினோம். விடுமுறையில் மூன்று வாரம் புதுப் பாடமே கிடையாது. உயர்நிலை இரண்டு புத்தகத்தைத் தேடி எடுத்தான். ஒரு நாளைக்கு 40 நிமிஷம், அவ்வளவுதான். 'சின்னப் பிள்ளைக் கணக்கு' என்று முதல் நாள் வெட்கப்பட்டவன், அதிலேயே பத்துக்கு மூன்று தப்பு வந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

பள்ளி திறந்த பிறகு என் வேலை ஒன்றுதான். ராத்திரி சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, 'இது ஏன்?' என்று கேட்பது. நடிப்பில்லை, உண்மையிலேயே தெரியாது. ஒரு நாள் சைன் 2எக்ஸ், சைன் எக்ஸுக்குச் சமம் என்று ஒரு கணக்கு. இரண்டு பக்கமும் சைன் எக்ஸை அடித்துவிட்டு 60, 300 என்று எழுதினான். புத்தகத்தில் ஐந்து விடை. 'ஏன் அடித்தாய்?' என்றேன். 'இரண்டு பக்கமும் இருக்கே.' 'அது பூஜ்யமாக இருந்தால் வகுக்கலாமா?' என்று கேட்டேன். பூஜ்யத்தால் வகுக்கக்கூடாது என்பது மட்டும்தான் பள்ளியிலிருந்து எனக்கு மிஞ்சியது. அவன் பேனாவைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தான். அப்புறம் 0, 180, 360 மூன்றையும் அவனே கண்டுபிடித்தான். நான் போய்த் தட்டுக் கழுவினேன்.

இப்போது கோபப்படாமல் கேள். உன் சிக்கலே நீ கணக்குப் புலியாக இருப்பதுதான். அவள் இரண்டாவது வரியில் தயங்கும்போதே உனக்குக் கடைசி வரி தெரிந்துவிடும். பேனாவைப் பிடுங்கி நாலு வரியில் போட்டுக் காட்டி, 'இவ்வளவுதானே' என்பாய். எனக்கு நீ அப்படித்தான் செய்வாய், ஞாபகம் இருக்கிறதா? அந்த 'இவ்வளவுதானே'யைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இனி கேள்வியே கேட்கக்கூடாது என்று தோன்றும். நீ நல்ல மனதோடுதான் சொன்னாய், தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் எழுந்து போகிறாள் அல்லவா? பத்து நாளைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். முடியாவிட்டால் அந்த நேரத்தில் அம்மாவை நடக்கக் கூட்டிப் போ.

இன்னொன்று. கணக்கைப் படம் பிடித்துச் செயலியிடம் கேட்டால் விடை வரிவரியாக வந்துவிடுகிறது. இவனும் ஆரம்பத்தில் அதைத்தான் செய்திருக்கிறான். வீட்டுப்பாடம் முழுக்கச் சரி, தேர்வில் வெறும் தாள். நான் தடை போடவில்லை. முதலில் நீ எழுது, பிறகு அதனிடம் 'என் தப்பு எந்த வரியில்?' என்று மட்டும் கேள் என்றேன். சில நாள் கேட்கிறான், சில நாள் ஏமாற்றுகிறான்.

வகுப்பு ஆசிரியர் நல்லவர். பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் சந்தேகம் கேட்க வரலாம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார். கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்கள் என்று இவன் ஆறு மாதம் போகவே இல்லை. கோடு போட்ட தாளோடு போனபோது அவர் பத்தே நிமிஷத்தில் இரண்டு சிக்கலை அவிழ்த்துவிட்டாராம். 'எதுவும் புரியவில்லை' என்று போகிறவனுக்கு யாரால் என்ன சொல்ல முடியும்?

அக்டோபரில் ஆண்டிறுதித் தேர்வில் நூற்றுக்கு 47 வந்தது. டி7 தரம். தேர்ச்சிக்கு மூன்று குறைவு. பாடத்தை விட்டுவிடலாமா என்று வீட்டில் பெரிய சண்டை. மனைவி சொன்னதிலும் நியாயம் உண்டு. பாலிக்கு ஈ மேத்ஸ் (சாதாரணக் கணிதம்) போதும், ஏ மேத்ஸ் இல்லாவிட்டால் கதவு மூடிவிடாது. தொடக்கக் கல்லூரிக்குப் போய் ஹெச்2 நிலைக் கணிதம் எடுப்பதென்றால்தான் இதைப் படித்திருப்பான் என்று எண்ணிப் பாடத்தைத் தொடங்குவார்கள். கடைசியில் அவனையே கேட்டோம். 'எனக்குப் பிடிக்குதுப்பா, மார்க்தான் வரமாட்டேங்குது' என்றான். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. மற்ற பாடங்களை இது இழுத்துக்கொண்டு போயிருந்தால் விடச் சொல்லியிருப்பேன். உன் மகள் விஷயத்தில் அதையும் பார். பிடிவாதத்துக்காகப் பிடித்துவைக்காதே.

இந்த மாதம் 30க்கு 17. ஆண்டு முடிவில் ஓ லெவல் பொதுத் தேர்வு. இரண்டு தாள், ஒவ்வொன்றும் 90 மதிப்பெண், இரண்டேகால் மணி நேரம். 2027லிருந்து எஸ்இசி என்று புதுத் தேர்வு வந்துவிடும், இவன் கூட்டம்தான் கடைசி. என்ன வாங்குவான் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நேற்று விடுமுறைக்குப் பள்ளி விட்டதும் கூட்டாளிகளோடு சாங்கி விமான நிலையத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பினான். பயணம் போகாதவர்கள் அங்கே போய் ஏ மேத்ஸ் படிக்கிறார்கள்! குளுகுளு என்று இருக்குமாம். எவ்வளவு படித்தார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

உன் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். (உன் மனைவி கோபத்தில் இருக்கும் பகுதியை விட்டுவிட்டேன்.) மாமா வீட்டுத் தங்கச்சியிடம் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுகிறேன் என்றான். அதற்கு முன் அவள் தேர்வுத் தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொல். மதிப்பெண் போட்ட முதல் பக்கம் வேண்டாமாம், தப்புப் போட்ட பக்கங்கள் மட்டும் போதும் என்கிறான். நீ திருத்தி எழுதாமல் அப்படியே அனுப்பு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்