தேடுவதோடு நிற்கட்டும் ஏ.ஐ. முகவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விருதுநகரில் நீதிமன்றத்துக்கு அருகே இருபது ஆண்டுகளாக டி.டி.பி. கடை நடத்துகிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், வாரிசுச் சான்றுக்கான விண்ணப்பம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து அச்செடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. என் கணினியோ விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினி. மகன் அதில் விண்டோஸுக்குப் பதிலாக ஆர்ச் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். தமிழ்99 விசைப்பலகை முதல் நாளே கைக்கு வந்துவிட்டது. லேசர் பிரிண்டர்தான் அசையவில்லை. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஆர்ச்சின் அதிகாரபூர்வ மென்பொருள் களஞ்சியத்தில் கிடையாது.

அங்கே இல்லாதவற்றுக்குப் பயனர்களே நடத்தும் களஞ்சியம் ஒன்று உண்டு. ஏ.யு.ஆர். என்பது அதன் பெயர். கணக்குத் தொடங்கிய எவரும் அதில் ஒரு மென்பொருள் தொகுப்பை ஏற்றலாம். அங்கே இருப்பவை பிகேஜிபில்ட் என்னும் சிறு கட்டளைக் கோப்புகள். மென்பொருளை எங்கிருந்து இறக்க வேண்டும், எப்படிக் கட்டி நிறுவ வேண்டும் என்று கணினிக்குச் சொல்பவை அவைதாம். அங்கே தேடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பெயரிலோ ஒருவரி விளக்கத்திலோ உள்ள ஆங்கிலச் சொல்லை அப்படியே இட்டால்தான் தொகுப்பு அகப்படும்.

என் திண்டாட்டத்தைக் கேட்ட மகன், கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையில் இயங்கும் ஏ.ஐ. முகவர் ஒன்றை, அதாவது சொன்ன வேலையைக் கணினியில் தானே செய்யும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை, அமைத்துத் தந்தான். தமிழிலேயே கேட்டேன். மூன்று பெயர்களைச் சொன்னது. அவற்றில் ஒன்று களஞ்சியத்திலேயே இல்லை. தேடிப் பார்க்காமல், இருக்கக்கூடியது போன்ற ஒரு பெயரைத் தானே புனைந்திருக்கிறது. அதே பெயரில் நாளை ஒரு திருடன் தொகுப்பை ஏற்றி வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு மகன் களஞ்சியத்தின் தேடல் சேவையோடு முகவரை நேரடியாக இணைத்தான். அதன்பின் கிடைத்த உதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் தமிழ்க் கேள்விக்கு நான்கைந்து ஆங்கிலச் சொற்களைத் தானே மாற்றி மாற்றி இட்டுத் தேடியது. தொகுப்பைப் பராமரிப்பவர் யார், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, எத்தனை பேர் வாக்களித்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் வரிசையாகக் காட்டியது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த என் போன்றவர்களுக்கு இது பெரிய கதவு.

ஆனால் தேடி முடித்த கையோடு, "நிறுவிவிடட்டுமா?" என்று கேட்டது. இந்த இடத்தைப் பற்றித்தான் இக்கடிதம்.

2018 ஜூலையில் இதே களஞ்சியத்தில் பராமரிப்பாளர் இல்லாமல் கிடந்த ஒரு பி.டி.எஃப். வாசிப்பானின் தொகுப்பை யாரோ ஒருவர் பொறுப்பேற்று, வெளியிலிருந்து கட்டளைக் கோப்பை இறக்கி ஓட்டும் வரியை அதில் செருகினார். 2025 ஜூலை 16 அன்று ஃபயர்பாக்ஸ், லிப்ரவுல்ஃப், ஸென் உலாவிகளைச் செப்பம் செய்வதாகப் பெயர் சூட்டிக்கொண்டு தொகுப்புகள் ஏறின. அவற்றுக்குள் இருந்தது, கணினியைத் தொலைவிலிருந்து கைப்பற்றும் நச்சு நிரல். இரண்டு நாள் கழித்துத்தான் அவை நீக்கப்பட்டன. "கோளாறு சரிசெய்யப்பட்ட உலாவி வேண்டும்" என்று அந்த இரண்டு நாளில் ஒருவர் முகவரிடம் கேட்டிருந்தால், பெயர் பொருந்துகிறது என்று அது இவற்றையே எடுத்து நீட்டியிருக்கலாம்.

பிகேஜிபில்ட் ஓடும்போது, கணினியில் நான் திறக்கக்கூடிய எல்லாக் கோப்புகளையும் அதனாலும் திறக்க முடியும். என் கணினியில் கட்சிக்காரர்களின் ஆதார் நகல்களும் பத்திர நகல்களும் கிடக்கின்றன. ஒரு விதவைப் பெண்மணி தன் கணவரின் இறப்புச் சான்றிதழை என்னிடம் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த நம்பிக்கையை "ஆம்" என்ற ஒரு சொல்லுக்கு என்னால் அடகு வைக்க முடியாது. கேள்வியே கேட்காமல் நிறுவும் விருப்பத்தேர்வும் தொகுப்புகளை நிறுவும் கருவிகளில் இருக்கிறது. முகவருக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிட்டால் தடுத்து நிறுத்த யாரும் இல்லை.

ஆகவே என் கடையில் முகவருக்குத் தேடவும் படிக்கவும் மட்டுமே அனுமதி. நிறுவும் கட்டளையை நானே தட்டுகிறேன். அதற்கு முன் பிகேஜிபில்ட்டை வரிவரியாகப் படிக்கிறேன். மூலக் கோப்பு எந்த முகவரியிலிருந்து வருகிறது, இறங்கிய கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று ஒப்பிடும் சரிபார்ப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் "ஸ்கிப்" (சரிபார்க்காமல் தாண்டு) என்று விட்டிருக்கிறார்களா, நிறுவும்போது நிர்வாகி உரிமையோடு ஓடும் தனிக் கோப்பு ஏதும் கூடவே வருகிறதா என்று பார்க்கிறேன். புரியாத வரியை முகவரிடமே கேட்கிறேன். விளக்கம் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் மகனுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறேன். என் பிரிண்டர் டிரைவரின் கோப்பைப் படித்து முடிக்க ஒரு மதியம் பிடித்தது. மூலம் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று உறுதியான பிறகே நிறுவினேன். இன்றுவரை அச்சு நன்றாக வருகிறது.

விண்டோஸிலிருந்து மாறும் சிறு கடைகள் இப்போது எங்கள் தெருவிலேயே மூன்று இருக்கின்றன. அமைத்துக் கொடுக்கும் இளைஞர்கள் அவசரத்தில் முகவருக்கு எல்லா உரிமையையும் திறந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் என் கோரிக்கை, நிறுவும் உரிமையைக் கடைக்காரர் கையிலேயே விட்டுவையுங்கள். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு பிகேஜிபில்ட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தமிழில் விளக்கி வெளியிட்டால், அதை வெட்டி எடுத்து என் கணினிக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் வாசகி,
விருதுநகர்