வாட்டம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய நாலு படமும் வந்து சேர்ந்தன. மருமகள் எப்படி இருக்கிறாள் என்று இரண்டு தடவை கேட்டிருந்தேன். நீ குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டை ஜாலியைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாய். சரி, அதைப் பற்றியே எழுதுகிறேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். ஜாலியைச் சுற்றி டைல்ஸை எலி கடித்த மாதிரி வெட்டி, இடுக்கில் வெள்ளை சிமெண்டை அப்பியிருக்கிறான். ஒரு பக்கம் ஜாலியே டைல்ஸுக்கு மேலே தூக்கி நிற்கிறது. தண்ணீர் மேடேறியா போகும்? அவ்வளவு பெரிய டைல்ஸை ஷவருக்கு அடியில் முழுசாகப் படுக்க வைத்தால் வாட்டம் எங்கிருந்து வரும்? நாலு பக்கமும் ஜாலியைப் பார்த்துச் சரிய வேண்டும், அடிக்குக் கால் அங்குலம். அதற்கு மூலையிலிருந்து குறுக்கே வெட்டிப் பதிக்கணும், இல்லையென்றால் சின்ன டைல்ஸ் போடணும்.

இடுக்கில் சிலிகோன் பசை அடித்தால் போதும் என்று மேஸ்திரி சொன்னானாமே. போதாது. இடுக்கில் இருக்கும் கிரௌட்டை நம்பக் கூடாது, தண்ணீரைத் தடுப்பது அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சுதான். அது ஜாலியின் கழுத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லையென்றால் மேலே எதைப் பூசினாலும் ஈரம் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். காசால் தட்டிப் பார். பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை. இரவில் விளக்கைப் போடாமல் அங்கே போகாதே, வழுக்கும்.

பத்து வயதில் ரசமட்டத்துக் குமிழியை நடுவில் நிறுத்திக் காட்டிய பிள்ளை நீ. கொத்தனாரே அசந்து போனார். அந்த நீ, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் முழுக் கூலியையும் கொடுத்தாயா? விளக்கு விஷயம் மறக்காதே.

ஒரு வரி எழுதியிருக்கிறாய், ‘அவள் முதல் நாளே ஏதோ சொன்னாள்’ என்று. அந்த ‘ஏதோ’வைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய வீட்டில் வாட்டம் கதவுப் பக்கம் ஓடியதற்கு இத்தனை வருஷமும் கொத்தனாரைத்தான் திட்டினேன். அவர் மேல் தப்பில்லை. பெயர்த்துவிட்டு மறுபடி போடுகிறேன் என்று கெஞ்சினார். நாளாகும், விடு என்றது நான். அம்மா தினமும் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே சொல்வாள். துடைத்தால் போச்சு என்பேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அவள் விழுந்த அன்றும் என் வாயில் முதலில் வந்தது, ‘பார்த்து நடக்கக் கூடாதா?’ நீ வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாய். அந்தக் கைக்கு இன்றும் ஈரத்துணி பிழிய வராது. ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை அவள்.

மேஸ்திரியைக் கூப்பிட்டு ஜாலியைச் சுற்றிப் பெயர்க்கச் சொல். புதுப் பூச்சு அடித்து நன்றாகக் காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், ஜாலியின் வாயை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டு. பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம் விட்டுப் பார். கீழ்வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடு.

பெயர்ப்பதற்கு முன்னால், தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்று மருமகளைக் கேள். வீட்டில் இல்லையென்றால் போன் போட்டுக் கேள். அவளுக்குத்தான் தெரியும்.

அப்பா