‘பராமரிப்புப் பணி’ பலகை எதற்கு?

ஆசிரியருக்கு,

சேலத்துக் கொலுசுக் கடை, ஏற்காட்டு விடுதி, கல்லூரி, சங்கம் என எல்லோருக்கும் இன்று இணையதளம் உண்டு. அவற்றில் பல, கட்டிக் கொடுத்த நாளோடு சரி. உள்ளே தளத்தை நடத்தும் மென்பொருள் வேர்ட்பிரஸோ ஜூம்லாவோ ட்ரூபலோ, அது எந்தப் பதிப்பு என்று உரிமையாளருக்கே தெரியாது. ஒருநாள், தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம், அந்த மென்பொருள் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் பழைய பதிப்பை நிறுத்துகிறது. தளம் வெள்ளைத் திரையாகிறது. அவசரமாக யாரோ ‘அப்டேட்’ பொத்தானை அழுத்த, ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ என்ற பலகை வாரக்கணக்கில் தொங்குகிறது. முறையாகச் செய்தால் அந்தப் பலகைக்கு அரை மணி நேரம் போதும்.

ஜூம்லா 3-க்கான ஆதரவு 2023 ஆகஸ்ட் 17-இல் முடிந்தது. ட்ரூபல் 7-க்கு 2025 ஜனவரி 5. பிஎச்பி 7.4-க்கு 2022 நவம்பர் 28-உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆகவே மேம்படுத்தத்தான் வேண்டும். எங்கே வைத்து என்பதுதான் கேள்வி. ஓடும் தளத்தில் கை வைக்காமல், அதன் முழு நகலை இன்னொரு முகவரியில் நிறுத்தி அங்கே செய்து பார்ப்பதை ‘ஸ்டேஜிங்’ என்பார்கள். ஒத்திகைத் தளம் என்று சொன்னால் யாருக்கும் புரியும்.

நகல் எடுக்கும்போது கோப்புகள், தரவுத்தளம் இரண்டும் வேண்டும். ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு சில ஜிபி படங்களைக் கணினிக்கு இறக்கித் திரும்ப ஏற்றுவது வீண்வேலை. பாதியில் இணைப்பு அறுந்தால் எந்தக் கோப்பு குறைந்தது என்றே தெரியாது. சர்வரிலிருந்து சர்வருக்கு நேராக ‘ஆர்சிங்க்’ என்ற நகலெடுக்கும் கட்டளையால் அனுப்புவதே சரி. தமிழில் பெயரிட்ட படக் கோப்புகள் இருந்தால், ஒரே கோப்பாகக் கட்ட ‘ஜிப்’ வேண்டாம், ‘டார்’ போதும்; ஜிப்பைப் பிரிக்கும்போது தமிழ்ப் பெயர்கள் சிதைவது வழக்கம். படங்கள் வைக்கும் ‘அப்லோட்ஸ்’ கோப்புறையில் பிஎச்பி கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று இப்போதே தேடிவிடுங்கள். அங்கே அதற்கு வேலையே இல்லை. இருந்தால், பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே உள்ளே புகுந்த தடயம். அதோடு மேம்படுத்தினால் நோயும் புதுவீட்டுக்குக் குடிவரும்.

நகலை நிறுத்தியதும் நடக்கும் ஆகப் பெரிய தவறு, அமைப்புக் கோப்பில் தரவுத்தளத்தின் பெயரை மாற்ற மறப்பது. ஒத்திகை என்று நினைத்துச் செய்வதெல்லாம் அசல் தளத்தில் நடந்துகொண்டிருக்கும். அடுத்தது மின்னஞ்சல். நகலில் அஞ்சல் அனுப்பும் வசதியையும் நேரம் வைத்து ஓடும் பணிகளையும் அணைக்காவிட்டால், அறை பதிவு செய்தவருக்கு நினைவூட்டல் இரண்டு முறை போகும். பணம் வாங்கும் வசதியைச் சோதனை நிலைக்கு மாற்ற வேண்டும். கூகுள் நுழையாதபடி முழு நகலுக்கும் கடவுச்சொல் போட வேண்டும்.

தொடக்கத்தில் நகலிலும் பழைய பிஎச்பி பதிப்பே இருக்கட்டும். அது அசலைப் போலவே ஓடுகிறது என்று உறுதியான பிறகே மாற்றத்தில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பிழை வந்தது நகலெடுத்ததாலா, மேம்படுத்தியதாலா என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

வேர்ட்பிரஸ் 6.6-க்குக் குறைந்தது பிஎச்பி 7.2.24 தேவை. பழைய 4.x பதிப்பை நேராக பிஎச்பி 8-இல் வைத்தால் விழுந்துவிடும். நடுவில் 6.2 ஒரு பாலம்: அது பிஎச்பி 5.6.20-இலும் ஓடும், 8-இலும் ஓடும். எனவே பிளகின்களை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) எல்லாம் அணைத்துவிட்டு முதலில் 6.2, பிறகு பிஎச்பி 7.4, பிறகு புதிய வேர்ட்பிரஸ், கடைசியில் பிஎச்பி 8. பிளகின்களை அதற்கேற்பப் புதுப்பித்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மொத்தமாகப் போட்டால் குற்றவாளி யார் என்று பிடிக்க முடியாது. ‘மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்’ என்ற பழைய கட்டளை பிஎச்பி 7-லேயே போய்விட்டது. ‘ஈச்’, ‘கிரியேட்_ஃபங்ஷன்’ இரண்டும் 8-இல் நீக்கப்பட்டன. தளத்தின் தோற்றத்தைத் தரும் பழைய தீம்களில் இவை ஒளிந்திருக்கும். வெள்ளைத் திரை வந்தால் பயப்பட வேண்டாம், பிழைப் பதிவைத் திறந்தால் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று எழுதியிருக்கும். ஜூம்லா 3 ஆனால் முதலில் 3.10, பிறகு 4, அதன் பின் 5. பழைய டெம்ப்ளேட் 4-இல் வேலை செய்யாது. ட்ரூபல் 7-ஐ மேம்படுத்துவது என்பதே பெயருக்குத்தான்: புதுத்தளம் கட்டி உள்ளடக்கத்தைப் பெயர்க்க வேண்டும்.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வெளியூர் நிபுணர்கள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பழைய தரவுத்தள அட்டவணைகள் பல ‘லத்தீன்1’ (ஐரோப்பிய எழுத்துகளுக்கான முறை) என்று குறிக்கப்பட்டிருக்க, உள்ளே யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் பதியும் முறை) தமிழ் இருக்கும். இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் திரையில் சரியாகத் தெரியும். அதை ஒரே கட்டளையில் ‘யுடிஎஃப்8எம்பி4’ (தரவுத்தளத்தில் யுடிஎஃப்-8-இன் முழு வடிவம்) ஆக்கினால், ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டின் மூன்று பைட்டும் மூன்று லத்தீன் எழுத்தாகிப் பக்கம் முழுக்கக் கிறுக்கலாகிவிடும். முன்கூட்டியே கண்டுபிடிக்கச் சுலப வழி உண்டு. ‘சேலம்’ என்ற சொல் மட்டும் உள்ள ஒரு பதிவின் எழுத்து எண்ணிக்கையைத் தரவுத்தளத்திடமே கேளுங்கள். 5 (ச, ஏகாரக் கொம்பு, ல, ம, புள்ளி என ஐந்து குறியீடுகள்) என்றால் சரி. 15 என்றால் இந்தக் கோளாறு. லத்தீன்1 நெடுவரிசையாக இருந்தால் முதலில் பைனரி வகைக்கு மாற்றி, அதன் பிறகு யுடிஎஃப்8எம்பி4 உரையாக மாற்ற வேண்டும். அப்போது பழைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தள மென்பொருளில் ‘சாவி 767 பைட்டுக்கு மேல்’ என்று பிழை வந்தால், 255 எழுத்து நீளமுள்ள அந்தச் சாவியை (தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸை) 191 ஆகக் குறைத்தால் தீரும்: 191-ஐ 4-ஆல் பெருக்கினால் 764.

முகவரிகளிலும் தமிழ் தன் விலையைக் கேட்கும். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் பெயருக்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்து. இணைய முகவரியில் ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது எழுத்தாக விரியும். ஆக 22 குறியீட்டோடு தலைப்பு வெட்டுப்படும். ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு தலைப்புகளுக்கு ஒரே முகவரி வந்து, ஒன்றின் வாலில் ‘-2’ ஒட்டிக்கொள்ளும். வேறு மென்பொருளுக்கு மாறும்போது பழைய முகவரிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ‘301’ எனப்படும் நிரந்தரத் திருப்பிவிடல் எழுத வேண்டும்.

தள முகவரியை மாற்றும்போது டெக்ஸ்ட் எடிட்டரில் ‘தேடி மாற்று’ கூடாது. வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை நீளத்தோடு சேர்த்துப் பதிந்து வைக்கிறது. ‘எச்டிடிபி’ என்பதை ‘எச்டிடிபிஎஸ்’ ஆக்கி ஓர் எழுத்து கூடினாலே கணக்கு பொருந்தாமல் விட்ஜெட்டுகள் (பக்கத்தின் ஓரப் பெட்டிகள்) காணாமல் போகும். வேர்ட்பிரஸின் கட்டளைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் ‘சர்ச்-ரீப்ளேஸ்’ அந்த நீளத்தையும் சேர்த்துத் திருத்தும்.

எல்லாம் சரியானதும் ஒத்திகைத் தரவுத்தளத்தை எடுத்து அசலின் மேல் கொட்டிவிடுவார்கள். செய்யவே கூடாது. ஒத்திகை நடந்த நாட்களில் அசலுக்கு வந்த அறைப் பதிவும் ஆர்டரும் அதோடு அழியும். ஒத்திகையில் நமக்குக் கிடைக்க வேண்டியது தளம் அல்ல, வரிசை எண்ணிட்ட குறிப்புத்தாள். அசலின் புதிய நகலில் அந்தத் தாளைப் பார்த்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டாம் முறை ஓட்டிப் பாருங்கள். அரை மணியில் முடிந்தால் அசலுக்குப் போகலாம். முடியவில்லையா, மூன்றாம் முறை.

சர்வர் மாறுவதாக இருந்தால் முதல் நாளே டிஎன்எஸ்ஸின் (தளத்தின் பெயர் எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்று சொல்லும் பதிவின்) டிடிஎல்லை, அதாவது அந்தப் பதிவைப் பிற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 நொடியாகக் குறைத்து வையுங்கள். ஏற்காட்டு விடுதிகள் ஏப்ரல், மே பக்கம் தலைவைக்க வேண்டாம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை நம்பி வியாபாரம் செய்வோருக்கு ஆடியும், கல்லூரிகளுக்குச் சேர்க்கைக் காலமும் ஆகாது. வெள்ளி இரவு யாருக்குமே ஆகாது. செவ்வாய் காலை நல்லது, ஹோஸ்டிங் உதவி மையத்திலும் ஆள் இருப்பார்கள்.

வேலை கொடுப்பவர்கள் பணி ஆணையில் மூன்று வரி சேர்த்தால் போதும்: ஒத்திகைத் தளம் கட்டாயம்; பேக்கப்பை எடுத்தால் மட்டும் போதாது, திரும்ப நிறுவிக் காட்ட வேண்டும்; குறிப்புத்தாளும் டொமைன் (தளப் பெயர்), ஹோஸ்டிங் கடவுச்சொற்களும் உரிமையாளர் கையில். பழைய சர்வரை மூடும் முன் அதன் இயக்கப் பதிவுகளையும் (லாக்) எடுத்து வையுங்கள். 180 நாள் பதிவு இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவு.

மாற்றிய அன்றே, தேடுபொறிகளைத் தடுக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். ஒத்திகையில் போட்ட டிக் அசலுக்கும் வந்துவிட்டால், தளம் ஒழுங்காக ஓடிக்கொண்டே கூகுளிலிருந்து மெல்ல மறையும். ஒரு மாதம் கழித்து ஒத்திகைத் தளத்தையும் அழித்துவிடுங்கள். அதையும் யாரும் புதுப்பிக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பாளர்,
ஐந்து ரோடு, சேலம்.