555 நோட்டில் இருக்கும் பெயர்களுக்கு

மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

என் தமிழ்ப் புத்தகக் கடைக்குப் பக்கத்துக் கடையையும் சேர்த்து வாடகைக்கு எடுத்து, நடுச்சுவரில் வழி திறந்தாகிவிட்டது. கதைப் புத்தகங்களுக்கென்று இப்போது தனி அறையே இருக்கிறது. பார்க்க வந்தவர்களில் பலர், "கெட்டிக்காரிம்மா நீ, தமிழ்ப் புத்தகம் வித்தே பொழச்சுக்கிட்ட" என்றார்கள். அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒரு 555 நோட்டு, கடன் கணக்கு எழுதும் குட்டி நோட்டு, வைத்திருக்கிறேன். கடை யாரால் பிழைத்தது என்று அதைப் புரட்டினால் தெரியும்.

555 நோட்டு நம் ஊரில் யாருக்கும் புதிதில்லை. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் மளிகைக் கடையில் எங்கள் வீட்டுப் பெயரில் ஒன்று கிடந்தது. அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும், சம்பள நாளில் கோடு போட்டு அடிப்பார்கள். பிள்ளைகளின் பயிற்சி நூல்களுக்காக நானும் அப்படி ஒன்று வைத்திருந்தேன். 2020இல் எழுத ஆரம்பித்த நோட்டு மட்டும் தலைகீழ். அதில் இருப்பதெல்லாம் நான் உங்களுக்குத் தர வேண்டிய கடன்.

சின்னப் பட்டணத்துப் புத்தகக் கடையின் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாடநூல்களைப் பள்ளியிலேயே இரவலாகக் கொடுத்துவிடுகிறார்கள். எங்களுக்குச் சோறு போட்டது பயிற்சி நூல்கள்தான், அதிலும் ஆறாம் ஆண்டு முடிவில் பிள்ளைகள் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். என்ற அரசுத் தேர்வுக்கான பயிற்சி நூல்கள். அந்த லாபத்தை வைத்துத்தான் கதை, கவிதை, வரலாறு என்று ஆறு மாதத்துக்கு ஒன்று விற்கும் புத்தகங்களை அலமாரியில் நிறுத்தி வைக்க முடிந்தது. 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடையைச் சாத்தினேன். ஏப்ரல் 15, அந்த ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். இல்லை என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் தேர்வையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அது நல்லதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் பின்னறையில் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்ததெல்லாம் அந்த நூல்கள்தான்.

கடையை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்த ராத்திரி, தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்து ஓய்வுபெற்ற தாத்தா போன் செய்தார். நான் அழுததைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு அப்புறம் சொன்னார்: "தோட்டத்தத் துண்டு போட்டு வித்தப்ப சம்பந்தன் என்ன செஞ்சாரு? தொழிலாளிங்ககிட்ட மாசம் பத்துப் பத்து வெள்ளியா வாங்கித்தானே சங்கத்தக் கட்டுனாரு? அவரு பொறந்த ஊருல இருந்துக்கிட்டு ஒரு கடைக்குப் பத்து வெள்ளி கேக்க உனக்கு வெக்கமா?" தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்க, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் சொன்னார். என் தாத்தாவும் அதில் பங்கு கட்டியவர். அந்தப் பழைய ரசீதை வீட்டில் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை உங்கள் எல்லாருக்கும் புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதினேன்: இன்று பத்து வெள்ளி (ரிங்கிட்) கொடுங்கள், கடை திறந்ததும் புத்தகம் தருகிறேன்.

கொடுத்தீர்கள். சம்பளம் பாதியாகிப் போனவர்களும் கொடுத்தீர்கள். கிராணி தாத்தா, முதல் வரியில் இருப்பது உங்கள் பெயர்தான்.

பள்ளிகள் திறந்த பிறகு, வேன் ஓட்டும் அண்ணன் எல்பில், ஹீவுட் தோட்டங்கள் பக்கமெல்லாம் பிள்ளைகளை இறக்கிவிடும் கையோடு புத்தகக் கட்டுகளையும் இறக்கினார். எண்ணெய்க் காசுகூட வாங்கவில்லை. திரும்பி வரும்போது சட்டைப்பை நிறைய உறைகள் இருக்கும். எல்லாம் போன தீபாவளிக்கு மிஞ்சிய ஆங்பாவ் உறைகள், அன்பளிப்புக் காசு வைத்துக் கொடுப்பவை, மயில் படமும் குத்துவிளக்குப் படமும் போட்டவை. உள்ளே மடித்த பத்து வெள்ளி, பின்பக்கத்தில் பென்சிலில் புத்தகப் பெயர். பெயர் தெரியாதவர்கள் "சிரிக்கிற மாதிரி ஏதாவது", "பேய்க்கதை வேண்டாம்" என்று எழுதியிருப்பீர்கள். அந்த உறைகள் ஒன்றைக்கூட நான் எறியவில்லை.

கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரான சீன முதலாளி தவுக்கேக்கும் நன்றி. வாடகை பாக்கியோடு போய் நின்றபோது நம் தமிழிலேயே, "கட தொறந்த பெறகு குடு, இப்ப போ" என்றார். கோலாலம்பூர் மொத்த விற்பனையாளர் அண்ணன், திருப்பி எடுக்கும் நாள் கடந்த பிறகும் என் பெட்டிகளில் பாதியை எடுத்துக்கொண்டார். அவருக்கும் அது நட்டம்தான் என்று எனக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், வருமான வரியில் வாழ்வியல் கழிவாக 2,500 வெள்ளி வரை கிடைப்பதில் புத்தகமும் அடங்கும் என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிச் சொல்லி ஆண்டு இறுதியில் கூட்டி வருகிறார். டிசம்பர் வந்தால் ரசீது எழுதியே என் கை வலிக்கிறது. டீச்சர், அந்த வலி எனக்கு ஒவ்வொரு ஆண்டும் வேண்டும்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2020 கடைசியில், பத்து வெள்ளி கட்டியிருந்த ஒரு பாட்டி பேத்தியோடு வந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "எங்கப்பாவ சப்பான்காரன் சயாமுக்கு ரயில் போடக் கொண்டு போனான். எனக்கு அப்ப அஞ்சு வயசு. அதப் பத்தி பொஸ்தகத்துல எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். இருந்தது. வாங்கி வைத்து இரண்டு ஆண்டுகள் விற்காமல், மேல்தட்டில் தூசியோடு இருந்தது. விலையில் மீதியை வேண்டாம் என்றேன். பாட்டி விடவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்தார். அப்புறம் அந்த முக்காலியிலேயே உட்கார்ந்து, பேத்தியை வாசிக்கச் சொன்னார். சயாமில் அந்த ரயில் பாதை போன காஞ்சனபுரி என்ற ஊரின் பெயர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "திரும்பி வந்த ஒரே ஆளு சொன்ன பேரு அது. திரும்பப் படி" என்றார். அவள் திரும்பப் படித்தாள். அன்று கடையைச் சாத்த மணி ஒன்பதானது.

கடையை மூடியிருந்தால் அந்தப் புத்தகம் பழைய காகிதத்தோடு எடைக்குப் போயிருக்கும். மெதுவாக விற்கும் புத்தகங்களை அன்றுமுதல் நான் கழிப்பதே இல்லை. புது அறை முழுக்க அவைதான். பாட்டி, பேத்தியிடம் இந்த மடலைக் கொடுத்தனுப்புகிறேன், உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.

நோட்டில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு வரி மட்டும் மிச்சம். 2020 ஆகஸ்டு, ஐம்பது வெள்ளி, குத்துவிளக்குப் படம் போட்ட உறை. பின்னால் பெயரும் இல்லை, புத்தகமும் இல்லை. வேன் அண்ணனுக்கும் யாரென்று நினைவில்லை. அது நீங்கள் என்றால் ஒரு நாள் வந்து புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்குக் கடை திறந்திருக்கும்.