குட்டநாட்டில் மதகு திறக்கும் நாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கேரளத்தின் வேம்பநாட்டு ஈரநிலம் 2002 முதல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ளது. அதன் ஒரு பகுதியான குட்டநாட்டின் வயல்கள் கடல்மட்டத்துக்குக் கீழே கிடப்பவை. சேற்றுக்கரை கட்டி, நீரை வெளியே இறைத்த பிறகே அங்கே 'புஞ்ச' எனப்படும் முக்கியப் பருவத்து நெல் விதைக்க முடியும். பழைய 'பெட்டியும் பறையும்' என்ற மரப் பம்பு இன்றும் பல வயல்களில் ஓடுகிறது.

இறைப்பதில் அளவு தப்பினால் வினைதான். 'கரி' எனப்படும் கறுப்பு மண் நிலங்களின் அடிமண்ணில் கந்தகச் சேர்மம் இருக்கிறது. மண் வெடிக்கும் அளவுக்குக் காய்ந்தால் உள்ளே காற்று புகுந்து அது அமிலமாகிறது. வாய்க்கால் நீரில் துருநிறப் படலம் மிதக்கும். நாற்றின் வேர் கறுக்கும். எக்டேருக்கு 600 கிலோ சுண்ணாம்பு இட வேண்டும்: முதல் உழவில் 350, விதைத்து ஒரு மாதம் கழித்து 250. நீர் கட்டி வடித்து அமிலத்தைக் கழுவுவதும் கட்டாயம்.

என் பெரிய கவலை வேம்பநாட்டு ஏரியின் குறுக்கே உள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணைதான். உப்புநீரைத் தடுக்க டிசம்பரில் மூடும் மதகுகளை மார்ச்சில் திறக்க வேண்டும். ஆளுக்கொரு நாளில் விதைப்பதால் அறுவடை இழுத்து, திறப்பும் தள்ளிப்போகிறது. உப்பு ஏறாத நீரில் ஆகாயத்தாமரை மண்டுகிறது. வயலிலிருந்து வடியும் உரமும் மருந்தும் தேங்குகின்றன. கடலிலிருந்து வரும் இறால் குஞ்சுகளுக்கு வழி அடைபடுகிறது. விதைப்பு நாளை எல்லா வயல்களுக்கும் ஒன்றாக அறிவித்து, குறுகிய கால ரகங்களையே விதைக்கச் செய்தால் மதகுகளை உரிய நாளில் திறக்கலாம்.

— வாசகர், நாகர்கோவில்